மலையில் வைத்த நோன்பு

1

இந்த வருடமும் ரமலான் செப்டம்பரில் வந்துவிட்டது. பிறை தெரிந்ததா இல்லையா என்று வழக்கம்போல இரண்டு பள்ளிவாசல்களுக்கு இரண்டு அபிப்பிராயம். எங்கள் வீட்டில் பெரும்பான்மை முடிவுப்படி நோன்பை ஆரம்பித்தோம். பெரும்பான்மை என்றால் என் மனைவி ஜரீனா.

கஞ்சி காய்ச்சும் பெரிய பாத்திரத்தைத் தேடி கராஜ் அலமாரியைத் திறந்தேன். பாத்திரத்துக்குள் சுருட்டிவைத்த நீலக் கயிறு. அறுபது மீட்டர். பாறை ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு அது.

"இத யாருக்காவது குடுத்துடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒரு வருஷமா நீங்க தொடவே இல்லையே" என்றாள் ஜரீனா.

சரியாகத்தான் சொன்னாள். போன ரமலானுக்குப் பிறகு தொடவில்லை. அதைக் கொல்லையில் கட்டித் துணி காயப்போடலாம் என்றால், இந்தக் கலிபோர்னியா சான் ரமோனில் எங்கள் குடியிருப்புச் சங்கம் அதற்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். கயிற்றை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன். இரண்டு முறை கழுவியும் ஜரீனா மூன்றாம் முறை கழுவினாள்.

அமெரிக்காவில் மலையேறினேன் என்று ஒருவன் ஊருக்கு எழுதினால் வீரக் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த வகை இல்லை இது. தன் உயிரை என் கையில் கொடுத்த ஒருவனிடம் நான் பொய் சொன்ன கதை. இங்கே என்னிடம் தமிழில் 'டா' போட்டுப் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

2

அவன் பெயர் சுந்தர். நங்கநல்லூர்க்காரன். 2002இல் எங்கள் அலுவலகத்தில் வாராவாரம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் எல்லோர் முகத்திலும் ஈயாடாது. எண்பது பேர் உட்கார்ந்திருந்த மாடியில் கடைசியில் பதினொரு பேர் மிஞ்சினோம். அதில் இரண்டு பேர் தமிழர்கள். ஒருவர் டிபன் டப்பாவை ஒருவர் எட்டிப் பார்த்துத்தான் பழக்கம் ஆரம்பித்தது.

வேலை போனால் இத்தனை நாளில் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்ற பயத்தில் நான் சாயங்காலமானால் ஊமையாகிவிடுவேன். சுந்தருக்கும் அதே பயம்தான். ஆனால் அவன் பயந்தால் எங்கேயாவது ஏறுகிற ஜாதி. ஒரு நாள் செயற்கைப் பாறைச் சுவர் வைத்திருக்கும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சி, மேல இருக்கும்போது விசா ஞாபகம் வராது. கியாரண்டி" என்றான்.

நான் கீழக்கரைக்காரன். எங்கள் ஊரில் தரை கடலுக்குச் சமமாகக் கிடக்கும். மாடிப்படி தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. முதல் நாள் பத்தடி ஏறியதும் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தேன். கீழே பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த சிறுமிகள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். மானம் போனது. ஆனால் சுந்தர் சொன்னது உண்மை. அந்தப் பத்தடி உயரத்தில் விசா ஞாபகம் வரவில்லை.

அப்படியே ஐந்து வருடம். சுவரிலிருந்து நிஜப் பாறைக்கு, பாறையிலிருந்து சியர்ரா நெவாடா மலைக்கு என்று போனோம். ஏறுவது சுந்தருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது கயிறு பிடிப்பது. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். முன்னால் ஏறுகிறவன் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு போவான். வழியில் பாறை இடுக்குகளில் உலோகக் கருவிகளைச் செருகி, கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே போவான். கீழே நிற்கிறவன் இடுப்புப் பட்டையில் உள்ள ஒரு சின்னக் கருவி வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பான். மேலே இருப்பவன் விழுந்தால், கீழே இருப்பவனின் வலது கை கயிற்றை இறுக்கி நிறுத்தவேண்டும். அந்த ஒரு கைதான் பிரேக். இதற்கு பிலே என்று பெயர்.

"நீ கீழ நின்னா நான் லிஃப்ட்ல போற மாதிரி நிம்மதியா போவேன்டா" என்று சுந்தர் அடிக்கடி சொல்வான். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் நம்பினேன்.

3

இங்கே வந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் வித்தை, தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வது. காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னேன். வேலை போகப்போகிறது என்று தெரிந்த நாளிலும் சொன்னேன். காலிங் கார்டில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருக்கும்போது யார் உண்மையைச் சொல்வது? அந்தப் பக்கமும் அதே வித்தைதான். வாப்பா மௌத்தாகி அடக்கமும் ஆன செய்தியே எனக்கு முதலில் "கொஞ்சம் முடியல" என்றுதான் வந்தது.

போன ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு உம்மாவுக்கு மதுரையில் இதய ஆபரேஷன் நடந்தது. எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதுவும் தம்பி மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"ஏன் உம்மா மறைச்சீங்க?"

"சொன்னா என்ன மவனே செய்வே? அங்கேருந்து தவிப்பே. நான் நல்லாத்தான் இருக்கேன்."

உடனே கிளம்பிப் போகலாம் என்றால் கிரீன் கார்டு பாதியில் நின்றது. போனால் சென்னைத் தூதரகத்தில் மறுபடி விசா முத்திரை வாங்கவேண்டும். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குப் போட ஒன்றும் இல்லாததால் இந்த நாட்டின் பாதிக் காகிதங்களில் நான் 'முதற்பெயர் தெரியவில்லை சாதிக்' என்று உலவுகிறேன். வழக்கறிஞர் அம்மா என் கோப்பைப் புரட்டிவிட்டு, என் பெயர் சரிபார்ப்பில் சிக்கினால் மாதக்கணக்கில் திரும்ப முடியாது, போகாதீர்கள் என்றார். போகவில்லை. பெற்றவளை வெட்டித் தைத்திருக்கிறார்கள், நான் போகவில்லை. இதை எப்படித் திருப்பித் திருப்பி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் உம்மாவோடு பேசினேன்.

"இந்த வருஷம் டாக்டர் என்னை வைக்கக் கூடாதுங்குறாரு. நீயாவது ஒண்ணுகூட விடாம வச்சுடு மவனே. எனக்காவ துஆ செய்."

"ஒண்ணுகூட விடமாட்டேன் உம்மா. சத்தியம்" என்றேன். அங்கே போய்க் கையைப் பிடித்துக்கொள்ள முடியாத மகன், இங்கிருந்து கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

4

சிக்கல் என்னவென்றால் அந்த மாதத்தில்தான் சுந்தரின் மலை இருந்தது. இரண்டு வருடமாக அந்தச் சிகரத்தின் படத்தைத் தன் கணினித் திரையில் வைத்திருந்தான். கம்பெனி அவனை நியூ ஜெர்ஸிக்கு, பார்சிப்பனி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தது. மாதக் கடைசியில் கிளம்புகிறான். அனுமதிச் சீட்டு நோன்பின் இரண்டாவது வாரத்துக்குத்தான் கிடைத்தது. அதை விட்டால் பனி வந்துவிடும்.

"நோன்பு மாசமாச்சேடா, உன்னால முடியுமா? இல்லன்னா வுட்டுடலாம். ஒண்ணும் பிராப்ளம் இல்ல" என்று கேட்டான்.

பயணத்தில் இருப்பவருக்கு நோன்பில் விலக்கு உண்டு. பிறகு ஒரு நாள் வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். இது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே தெரியும். அதைத்தான் சுந்தரிடமும் சொன்னேன்.

"பயணத்துல விலக்கு இருக்குடா. அந்த ரெண்டு மூணு நாள் நான் வைக்கமாட்டேன். கவலப்படாத."

அப்படியானால் உம்மாவிடம் செய்த சத்தியம்? அதையும் காப்பாற்றப்போகிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவன் பயணத்தை ரத்து செய்துவிடுவான், அவனுடைய இரண்டு வருட ஆசை என்னால் கெடும். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் கெடாது. இப்படித்தான் கணக்குப் போட்டேன். இந்தப் பக்கமும் நல்லவன், அந்தப் பக்கமும் நல்லவன். இரண்டு பேருக்கும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லியே பழகியவனுக்கு இது பெரிய பொய்யாகவே தோன்றவில்லை.

ஆறு மணி நேரம் டிரைவ் பண்ணி மலையின் கிழக்குப் பக்கம் போனோம். அனுமதி அலுவலகத்தில் வனக்காவலர் பெண், கரடி திறக்க முடியாத உணவு டப்பா ஒன்றை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று கேட்டாள். சுந்தர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு என் பெயரை எழுதினான்.

"நான் உன்கூடத்தானேடா வரேன்?"

"வேற யார எழுதறது? இந்த ஊர்ல எனக்கு யார் இருக்கா?"

நான் ஜரீனாவின் பெயரை எழுதினேன். அவளிடம் நான் நோன்போடு ஏறப்போவதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அந்தக் கரடி டப்பாவிலேயே என்னைப் போட்டு மூடியிருப்பாள்.

5

ஏழு மைல் நடந்து ஒரு ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். முதல் நாள் நோன்பு பெரிய கஷ்டமாக இல்லை. பின்னால் நடந்தேன், தண்ணீர் குடிப்பதுபோல் இரண்டு முறை நடித்தேன், வெயில் இறங்கியதும் அவன் பார்க்காதபோது பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஏறும் நாள். மலை ஏறுகிறவர்கள் எப்போதும் விடியுமுன் சாப்பிட்டுக் கிளம்புவார்கள். அதனால் ஸஹர் சாப்பாட்டுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. சுந்தரே ஓட்ஸ் கிண்டிக் கொடுத்தான். அவன் அறியாமல் எனக்கு ஸஹர் வைத்தான்.

சிகரத்தின் தென்கிழக்கு முகம் ஒரே கருங்கல். ஊர் கிடையாது, ரோடு கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. எங்களைத் தவிர அந்தப் பள்ளத்தாக்கில் யாருமே இல்லை. எட்டுக் கயிற்று நீளத்தில் உச்சி. காலை ஏழரைக்குத் தொடங்கினோம். முதல் மூன்று நன்றாகவே போயின. பதினோரு மணிக்கு மேல் பாறை தோசைக்கல்லாகியது. அந்த உயரத்தில் மூச்சு விட்டாலே உடம்பிலிருந்து தண்ணீர் போகும். என் உதடு வெடித்தது. விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன, மறு கையால் பிரித்துவிட்டேன். நான்காவது முடிவில் ஒரு குறுகலான திட்டில் இரண்டு பேரும் நின்றோம். சுந்தர் தன் தண்ணீரை மடக்கு மடக்கென்று முடித்தான். பார்க்காமல் இருக்க ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏரியும் தண்ணீர்தான்.

"முகம் ஒரு மாதிரி இருக்கே. ஓகேவாடா?"

"நல்லா இருக்கேன். நீ போ."

எத்தனை ஆயிரம் முறை சொன்ன வார்த்தை. நாக்கு தானாகச் சொன்னது.

அவன் ஐந்தாவது கயிற்று நீளத்தில் ஏறினான். கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காதில் ஒரு இரைச்சல். பாறையில் தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினேனா, எவ்வளவு நேரம் மூடினேன், இன்றுவரை தெரியவில்லை. மேலே செருப்பு தேய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு கயிறு என் உள்ளங்கை வழியாக ஓடியது.

பிடித்தேன். பிடிப்பதற்குள் பத்தடிக்கு மேல் ஓடிவிட்டது. அந்தப் பத்தடி இல்லாமல் இருந்தால் சுந்தர் வெறும் காற்றில் தொங்கியிருப்பான். அந்தப் பத்தடியால் ஒரு பாறை விளிம்பில் இடது கால் மோதி விழுந்தான். அவன் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கு முழுவதும் போய்த் திரும்பி வந்தது.

மெல்ல என் திட்டுக்கு அவனை இறக்கினேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது, அப்போது வலிக்கவில்லை. அவன் கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. கட்டுத்துணி எடுக்க என் பையை அவன்தான் திறந்தான். கையில் முதலில் வந்தது அன்றைக்கென்று எடுத்துவந்த என் தண்ணீர் பாட்டில். அதைத் தூக்கிப் பார்த்தான். மூடியின் பிளாஸ்டிக் வளையம்கூட உடையவில்லை.

"ஏன்டா இது ஃபுல்லா இருக்கு?"

நான் பைக்குள் கைவிட்டுக் கட்டுத்துணியை எடுத்தேன்.

"சாதிக். மணி ஒண்ணு ஆவுது. காலைலேருந்து நீ ஒரு சொட்டுகூட குடிக்கலையா?"

"உம்மாவுக்கு சத்தியம் பண்ணிட்டேன்டா" என்றேன். எனக்கே அது நாலாம் கிளாஸ் பையன் சொல்கிற சாக்குபோலக் கேட்டது.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மூடியைத் திருகித் திறந்து பாட்டிலை என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"குடி. இனிமே என்னைக் கீழ கொண்டுபோற கை உன்னோடது மட்டுந்தான்."

குடித்தேன். சத்தியம் அந்த இடத்தில் முடிந்தது. முழு பாட்டிலையும் குடித்தேன், அழுதுகொண்டே.

இருக்கிற ஒரே கயிற்றை இரட்டையாக்கி ஆறு முறை இறங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் எங்கள் கருவிகளைப் பாறையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒவ்வொரு முறையும் முடிச்சை நான் போடுவேன், சுந்தர் குனிந்து இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். ஐந்து வருடத்தில் அவன் என் முடிச்சை இரண்டு தடவை பார்த்தது அன்றுதான். தரைக்கு வந்ததும் உட்கார்ந்து உட்கார்ந்தே கூடாரம் வரை நகர்ந்தான். மறுநாள் ஏழு மைலும் என் தோளில் கை போட்டு வந்தான். எங்கள் பைகளை வழியில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் சுமந்தார்கள். அவர்களோடு அவன் சிரித்துப் பேசினான். என்னிடம் "மெதுவா", "போலாம்", இந்த இரண்டு வார்த்தைதான்.

6

கணுக்காலில் இரண்டு திருகாணி போட்டார்கள். நான் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது நாள்தான் பேசினான்.

"நோன்பு வச்சது தப்பில்லடா. சொல்லியிருந்தா நான் கீழயே நின்னிருப்பேன். இல்ல, தெரிஞ்சே ஏறியிருப்பேன், அது என் இஷ்டம். நீ அந்த இஷ்டத்தையே எனக்குக் குடுக்கல."

"உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னு..."

"எங்கம்மாவும் இதத்தான் சொல்வா போன்ல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஊன்றுகோலோடு விமானம் ஏறிப் பார்சிப்பனி போனான். நான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டேன். கட்டிப்பிடித்தான். ஃபோன் பண்றேன் என்றான். முதல் மாதம் இரண்டு முறை பேசினோம். பிறகு தீபாவளி, பெருநாள் வாழ்த்து ஈமெயிலில் வந்தது, இருபது பேரோடு சேர்த்து எனக்கும். இப்போது நான் ஃபோன் பண்ணினால் எடுக்கிறான். எப்படி இருக்கே என்று கேட்கிறேன். நல்லா இருக்கேன் என்கிறான். அந்த வார்த்தையை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். இவன் மரியாதையாகப் போய்விட்டான்.

அலுவலகத்தில் இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் நல்லவர்கள்தான், அழைத்தால் போய் உட்காரலாம். ஆனால் பல்லைக் காட்டிக்கொண்டே சாப்பிட எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அந்த வருடப் பெருநாள் அன்று உம்மா, "எல்லா நோன்பும் வச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, நடந்ததை முழுதாகச் சொன்னேன். அப்புறம் ஆரம்பித்தார்.

"அடக் கிறுக்கா! பயணத்துல வேணாம்னு அல்லாவே உனக்கு விட்டுக்குடுத்திருக்கான். அவனவிட நீ பெரிய ஆளா? நானா கேட்டேன், அடுத்த வூட்டுப் புள்ள காலை ஒடிச்சு நோன்பு வையின்னு?"

திட்டி முடித்துவிட்டு, "அந்தப் புள்ள நடக்குதா?" என்று கேட்டார். இப்போதும் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். நடக்கிறான் உம்மா என்கிறேன். உம்மாவும் இப்போது தன் மாத்திரை, மூச்சுவாங்கல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறார். கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் கேட்கிறேன். அன்று விட்ட நோன்பைக் குளிர்காலத்தில் ஒரு நாள் வைத்து நிறைவேற்றினேன்.

7

போன சனிக்கிழமை என் மகன் இம்ரானை அவனுடைய சிநேகிதனின் பிறந்தநாளுக்குக் கொண்டுவிடப் போனேன். விருந்து அந்தப் பழைய பாறைச்சுவர்க் கூடத்தில். இம்ரானுக்குப் பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் வரும். காரில் வரும்போது அந்த ஒரு வார்த்தையும் வராமல் காதில் பாட்டை மாட்டிக்கொள்வான். எப்போதும்போல் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். அவனோ சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வாப்பா, வில் யூ பிலே மீ?" என்றான். பிறகு அவர்களிடம் திரும்பி, "மை டாட் யூஸ்ட் டு க்ளைம்ப் ரியல் மவுண்டன்ஸ்" என்றான்.

அவன் குரலில் பெருமை இருந்தது. கடைசியாக எப்போது அதைக் கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மணி நாலு. முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, ஸஹருக்கு எழாமல் விட்டுவிட்டேன். தலை லேசாகக் கிறுகிறுத்தது. இம்ரான் நாற்பது கிலோகூட இருக்கமாட்டான். பிடித்துவிடலாம். அநேகமாகப் பிடித்துவிடலாம்.

"இல்லடா. நோன்புல இருக்கேன். தல சுத்துது. இன்னிக்கு என் கைய நம்பாத."

அவன் முகம் சுருங்கியது. சிநேகிதர்கள் தரையைப் பார்த்தார்கள். "இட்ஸ் ஓகே" என்று தோளைக் குலுக்கிவிட்டு, அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்த இன்னொரு பையனின் அப்பாவிடம் போய்க் கேட்டான். அவர் உடனே வந்து கயிற்றை மாட்டிக்கொண்டார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மனிதரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை, ஒரு தடவைகூடத் தளரவில்லை. இம்ரான் மளமளவென்று ஏறி உச்சியில் இருந்த மணியை அடித்தான். அடித்துவிட்டு, கீழே திரும்பி, கயிறு பிடித்தவரைப் பார்த்துச் சிரித்தான்.